அவர் பார்த்துவிட்டார், இனி என்ன செய்ய?

விழாக்களிலும் ஊர்வலங்களிலும் முகம் தெரியாதவர்களைப் படம் எடுப்பது பற்றிப் போன இதழில் ஒரு பதிலில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கூட்டத்தில் ஒருவரை எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டுமா? கேட்டால் உடனே சட்டையை இழுத்துவிட்டு, நேராக நின்று, சிரிக்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் எதையோ திருடியது போல உறுத்துகிறது.

பதில்: அந்த உறுத்தல் நல்லது, அதைத் தொலைத்துவிடாதீர்கள். நான் பெரும்பாலும் முதலில் கேட்பதில்லை, ஆனால் ஒளிந்தும் எடுப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, கேண்டிட் படங்கள், அதாவது யாரும் போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுக்கிற படங்கள், எல்லாம் அந்த இடத்தில்தான் கிடைக்கின்றன.

நிகழ்ச்சிக்குப் போனவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். முதல் கால் மணி நேரம் ஒரு படம்கூட எடுப்பதில்லை. சும்மா நடக்கிறேன், நிற்கிறேன், யாராவது பேசினால் பேசுகிறேன். 'இவன் படம் எடுக்க வந்தவன்' என்பது அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் அப்புறம் மறந்தும்விடுவார்கள். உங்களைத் தெரிந்து மறந்தவரை எடுப்பதற்கும், நீங்கள் இருப்பதே தெரியாதவரை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் படத்திலும் தெரியும், அன்று ராத்திரி உங்கள் தூக்கத்திலும் தெரியும்.

ஒரு இசை நிகழ்ச்சியில் மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். முகம் அசையவே இல்லை. ஆனால் வலது கை மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. விரல்கள் மெலிந்துபோய் மோதிரம் தளர்ந்திருந்ததால், ஒவ்வொரு தட்டுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கல் உள்ளங்கைப் பக்கம் போய்விடும். பாட்டி கட்டைவிரலால் அதைத் திருப்பி மேலே கொண்டுவருவார், மறுபடியும் தாளம். மூன்று படம் எடுத்துவிட்டேன். மூன்றாவதில் திரும்பிப் பார்த்துவிட்டார். கேமராவைக் கீழே இறக்கினேன், அவர் கையைக் காட்டி, எடுக்கட்டுமா என்று தலையால் கேட்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார், மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இனிமேல் கை அசையாது என்றுதான் நினைத்தேன். அரை நிமிடத்தில் தாளம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, மோதிரமும் சுற்ற ஆரம்பித்தது. நாலாவது படம் அதுதான். முதல் மூன்றைவிட அது ஒன்றும் குறைந்த படம் இல்லை, என் அறைச் சுவரில் இருப்பதும் அதுதான்.

கேட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை. கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் ஆட்கள் தங்களிடமே திரும்பி வந்துவிடுவார்கள். சட்டையை இழுத்துவிட்டுச் சிரிக்கிறார்களா? அந்தப் படத்தையும் மரியாதையாக எடுங்கள், நன்றி சொல்லுங்கள், அங்கேயே நில்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அழுகிறவர், மயங்கி விழுந்தவர், தூங்குகிறவர், போதையில் இருப்பவர். இவர்களால் அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கண்காட்சியில் படம் எடுத்தபோது ஒருவர் பார்த்துவிட்டு, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். உறைந்துபோய் நின்றேன். அன்றிலிருந்து கேமராவைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதில்: நானும் இருந்திருக்கிறேன், அங்கே சரியாகவும் நடந்துகொள்ளவில்லை. ஒரு நீண்ட தூர ஓட்டப் போட்டி, முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நடைபாதை ஓரத்தில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலுறையில் ரத்தம். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். களைப்பு என்று நினைத்து எடுத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டுக் கையை எடுத்தபோதுதான் அழுதுகொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. 'எதுக்கு எடுத்தீங்க?' என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். நான் உடனே வெளிச்சம், உணர்ச்சி, கலை என்று ஏதேதோ பேச ஆரம்பித்தேன். அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அதற்கப்புறம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைத் திரையில் காட்டி, அவர் கண் முன்னாலேயே அழித்தேன். இந்த ஓட்டத்தை அண்ணனோடு ஓட வேண்டியது, இந்த வருஷம் அண்ணன் இல்லை என்றார். என்னால் பதில் எதுவும் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறேன். முதலில் கேமராவை முகத்திலிருந்து இறக்குவேன், ஏனென்றால் முகத்துக்கு முன்னால் கேமரா இருக்கும்வரை நீங்கள் என்ன சொன்னாலும் எதிரில் இருப்பவர் காதில் ஏறாது. அப்புறம் ஏன் எடுத்தேன் என்பதை ஒரே வரியில், அவரைப் பற்றி மட்டும் சொல்வேன்: 'உங்க குடையில வெயில் விழுந்தது ரொம்ப அழகா இருந்தது.' அப்புறம் படத்தைக் காட்டுவேன். முக்கால்வாசிப் பேர் படத்தைப் பார்த்ததும் இறங்கிவந்துவிடுவார்கள், சிலர் தங்களுக்கும் அனுப்பச் சொல்வார்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன். உரிமை, சட்டம் என்று பேச்சை எடுத்தால் அந்த இடத்தில் அது சண்டையாகத்தான் முடியும். ஒரு படம்தானே, போகட்டும். அழித்த படங்களில் ஒன்றிரண்டு இன்றைக்கும் என் மனதில் இருக்கின்றன, வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அழித்தது சரி.

நீங்கள் உறைந்து நின்றதில் தப்பே இல்லை. அடுத்த முறை ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு, எல்லாரும் போனில் எடுத்துக்கொண்டிருக்கிற மாதிரியான இடத்துக்குப் போங்கள். முதல் நாள் கைகளை மட்டும் எடுங்கள். கைதட்டும் கை, குழந்தையைப் பிடித்திருக்கும் கை, நுழைவுச்சீட்டைக் கசக்கிக்கொண்டிருக்கும் கை. முகத்துக்கு நாலு நாள் கழித்து வரலாம்.

கேள்வி: பிரச்சினையே வேண்டாம் என்று 70-200 ஜூம் லென்ஸ் வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். தூரத்தில் நின்று எடுத்தால் யாருக்கும் தெரியாது. சரிதானே?

பதில்: மேடை, விளையாட்டு, அணிவகுப்பு இதற்கெல்லாம் வாங்குங்கள், அருமையான லென்ஸ். கூட்டத்தில் இருப்பவர்களை எடுக்கத்தான் என்றால் வாங்காதீர்கள். யாருக்கும் தெரியாது என்று நீங்கள் சொல்கிற அதே விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தூரத்தை இழுக்காமல் அகலமாகப் பார்க்கும் 35 எம்எம் லென்ஸோடு ஒருவரை இடுப்பளவு எடுக்க இரண்டு மீட்டருக்குள் போக வேண்டும். அந்தத் தூரத்தில் நீங்கள் அவரைப் பார்ப்பது போல அவரும் உங்களைப் பார்க்கலாம், முகம் சுளிக்கலாம், நகர்ந்துவிடலாம். 200-ல் அவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

படமாகப் பார்த்தாலும் அப்படித்தான். தூரத்திலிருந்து இழுத்து எடுத்தால் பின்னணி மொத்தமும் மங்கி ஒரு முகம் மட்டும் மிதக்கும். அவர் எந்தக் கூட்டத்தில் நின்றார், பக்கத்தில் யார், எதைப் பார்த்துச் சிரித்தார், எதுவுமே தெரியாது. கிட்டே போய் எடுத்த படத்தில் அந்த இடமும் சேர்ந்து வரும்.

ஒளித்து எடுத்தவர்களில் பெரிய கலைஞர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பட்டன்களுக்கு நடுவில் லென்ஸை நீட்டி, ஷட்டரை இயக்கும் கம்பியைச் சட்டைக் கைக்குள் விட்டு எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். அற்புதமான முகங்கள். ஆனால் அவர் அந்தப் படங்களைக் கால் நூற்றாண்டு கையில் வைத்திருந்து 1966-ல்தான் தொகுப்பாக வெளியிட்டார். இன்றைக்கு ரயிலை விட்டு இறங்கும் முன்பே படம் ஊரெல்லாம் போய்விடுகிறது. கோட்டுக்குள் ஒளித்து எடுத்ததை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, காத்திருந்ததை விட்டுவிட்டால் எப்படி?

கேள்வி: நல்ல கணம் கண்ணில் படுகிறது, க்ளிக் செய்தால் ஒன்று ஃபோகஸ் தவறுகிறது, இல்லாவிட்டால் ஆள் இழுபட்டுப்போகிறார். மாலை நிகழ்ச்சிகளில் போனில் எடுத்தால் இன்னும் மோசம். என்ன செட்டிங் வைக்க?

பதில்: பகலில், 35 எம்எம் லென்ஸ், முழு ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் லென்ஸின் திறப்பை எஃப் 8-ல் வையுங்கள், ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். அப்புறம் ஃபோகஸைப் பற்றிய கவலையே வேண்டாம், கண் ஆட்களின் மீது இருக்கட்டும். ஷட்டர் வேகம் நடப்பவர்களுக்கு 1/250 நொடி, ஓடுபவர் ஆடுபவர்களுக்கு 1/500 நொடி அல்லது அதைவிட வேகம். வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல்வரம்பு 6400 என்று வைத்துவிடுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், ஆள் இழுபட்டுப்போனால் படமே போச்சு.

போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது சில நொடிகள் பல ஃப்ரேம்களைச் சேர்த்துத்தான் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, அதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். பாரிஸ் நகரத்துச் சாலை ஒன்றை 1838-ல் புகைப்பட முன்னோடிகளில் ஒருவரான டாகேர் எடுத்த படத்திலும் இதுதான் நடந்தது. பரபரப்பான சாலை, வண்டிகள், மனிதர்கள், ஆனால் பதிவாகப் பல நிமிடங்கள் ஆனதால் நகர்ந்த எல்லாரும் மறைந்துவிட்டார்கள். காலணிக்குப் பாலிஷ் போட ஓர் ஓரத்தில் காலை நீட்டி நின்ற ஒருவர் மட்டும் பதிவாகிவிட்டார். படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று இன்றைக்கு உலகமே சொல்கிறது, அவருக்கு இது தெரியவே தெரியாது. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பி எல்இடி விளக்கு போட்ட மேடைக்குப் போகாதீர்கள். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், சத்தம் கேட்டால் கேட்கட்டும். ஜப்பானில் விற்கிற போன்களில் ஷட்டர் சத்தத்தை நிறுத்த முடியாதபடி செய்திருப்பதே, பெண்களைத் திருட்டுத்தனமாக எடுப்பதைத் தடுக்கத்தான்.

கேள்வி: நான் படம் எடுப்பவள் இல்லை, எடுக்கப்பட்டவள். ஒரு விழாவில் கொட்டாவி விடும்போது யாரோ எடுத்து, விழா எவ்வளவு சலிப்பாக இருந்தது என்பதற்குச் சாட்சியாக என் முகத்தைப் போட்டிருக்கிறார். அலுவலகத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முந்தின ராத்திரி முழுக்க மருத்துவமனையில் அம்மாவுடன் இருந்துவிட்டு, தோழி மேடையேறுகிறாள் என்பதற்காகப் போயிருந்தேன். நீக்கச் சொன்னால், பொது இடம்தானே என்கிறார்.

பதில்: அம்மா நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. 

1/250 என்று மேலே எழுதினேன் இல்லையா, ஒரு மணி நேரத்தில் அப்படி ஒன்பது லட்சம் துண்டுகள் இருக்கின்றன. அத்தனையிலும் நீங்கள் தோழியைப் பார்த்துக் கைதட்டினீர்கள், கண் கலங்கினீர்கள், தூக்கத்தோடு போராடி உட்கார்ந்திருந்தீர்கள். அதில் ஒரே ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதன்மேல் தன் கருத்தை எழுதி, இதுதான் இவர் என்று ஊருக்குக் காட்டியிருக்கிறார். எடுத்தது சிறிய தப்பு என்றால், அந்தத் தலைப்பைப் போட்டது பெரிய தப்பு. படம் பொய் சொல்லவில்லை, அவர் சொல்ல வைத்திருக்கிறார்.

செய்ய வேண்டியது இது. முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, சுருக்கமாக எழுதுங்கள்: படத்தில் இருப்பது நான், என் சம்மதம் இல்லாமல் கேலிக்குப் பயன்பட்டிருக்கிறது, நீக்குங்கள். ராத்திரி நடந்ததையெல்லாம் அவருக்கு விளக்காதீர்கள், உங்கள் கொட்டாவிக்கு நீங்கள் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அசையவில்லை என்றால் அந்தத் தளத்திலேயே புகார் செய்யும் வசதி இருக்கும், அனுமதியில்லாத படம், துன்புறுத்தல் என்ற வகையில் கொடுங்கள். விழாவை நடத்தியவர்களிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் அந்தத் தலைப்பு பிடிக்கப்போவதில்லை. நண்பர்கள் உங்களுக்கு ஆதரவாக அதையே எடுத்துப் பகிர்ந்து திட்டினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், ஒவ்வொரு பகிர்வும் அதை இன்னும் பத்துப் பேரிடம் கொண்டுபோகும். யாராவது படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக மாற்றினால் பேச்சுவார்த்தையே வேண்டாம், நேரே காவல்துறைதான்.

இதைப் படிக்கிற படக்காரர்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். பகிர்வதற்கு முன்னால் அந்த ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்வீர்களா? கை தயங்கினால் படத்தை வெளியே விடாதீர்கள். நான் விழாவில் எடுப்பதில் வெளியே விடுவது மிகக் கொஞ்சம், எடுத்து ஒரு வாரமாவது ஆன பிறகுதான். எடுத்த அன்று எல்லாமே நல்ல படமாகத்தான் தெரியும்.

கேள்வி: பொது இடத்தில் யாரையும் எடுக்கலாம், எங்கும் போடலாம், சட்டம் அதுதான் என்கிறார் நண்பர்.

பதில்: எந்த நாட்டுச் சட்டம் என்று அவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் பிலிப் லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் போகிறவர் வருகிறவரை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக் காட்சிக்கு வைத்தார். அதில் ஒரு முதியவர், உருவப்படம் கூடாது என்ற மத நம்பிக்கை உள்ளவர், வழக்குப் போட்டார். 2006-ல் நீதிமன்றம் கலைஞர் பக்கம் நின்றது. அதே கண்டத்தில் கனடாவின் கியூபெக்கில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமல் ஒரு கலை இதழ் போட்டதற்கு, நஷ்ட ஈடு 2,000 டாலர் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் உறுதி செய்தது. ஜெர்மனியில் ஒருவர் உருவத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று 1907-லேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டம், ஊர்வலம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அங்கேயும் ஒருவரைத் தனியாகப் பிரித்தெடுத்து முகத்தைக் காட்டினால் சிக்கல்தான். ஹங்கேரியில் 2014-லிருந்து எடுப்பதற்கே சம்மதம் வேண்டும் என்கிறது சிவில் சட்டம், கூட்டத்தைப் பொதுவாக எடுப்பதற்கு விலக்கு உண்டு. போகிற இடத்துச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள், நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள், கேமரா கூடாது என்று பல நிகழ்ச்சிகளில் அங்கேதான் அச்சடித்திருப்பார்கள். விளம்பரத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் எந்த ஊராக இருந்தாலும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, அந்த முதியவர் வழக்கில் சட்டம் கலைஞர் பக்கம் இருந்தது உண்மைதான். நானாக இருந்திருந்தால் அந்தப் படத்தை இறக்கியிருப்பேன்.

கேள்வி: குழந்தைகள்?

பதில்: கூட வந்த பெரியவரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். பெரியவர் சரி என்று சொல்லிக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், அப்போதும் எடுக்காதீர்கள். வெளியிடும் முன் படத்தோடு சேர்ந்து பதிவாகிற இடத் தகவலை நீக்கிவிடுங்கள், பள்ளிச் சீருடை, பெயர்ச்சீட்டு தெரிந்தால் போடவே போடாதீர்கள்.

கேள்வி: பாரிஸ் தெருவில் முத்தமிடும் ஜோடியின் புகழ்பெற்ற படம் உண்மையில் நடிப்பு என்று கேள்விப்பட்டேன். மனசே உடைந்துவிட்டது.

பதில்: நடிப்புதான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் டுவானோ 1950-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காக எடுத்தது. அவர்கள் நடிப்புப் பயின்ற நிஜமான காதலர்கள், அவர் கேட்டுக்கொண்டு எடுத்தார். பல வருஷம் கழித்து அந்த ஜோடி நாங்கள்தான் என்று வேறு ஒரு தம்பதி வழக்குப் போட்டபோதுதான் உண்மையைச் சொல்ல வேண்டிவந்தது. எனக்கு இதில் மனம் உடையவில்லை, வழியில் போகிறவர்களின் முத்தத்தை அப்படியே எடுத்துப் போடத் தயங்கியதாகத்தான் அவரே சொன்னார். கேண்டிட் என்று சொல்லி விற்காதவரை, கேட்டு எடுப்பதில் என்ன குறை?

கேள்வி: போன வருஷம் ஒரு விழாவில் வயதான தம்பதி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை எடுத்தேன். பிறகு காட்டினேன், ரொம்பச் சந்தோஷப்பட்டு முகவரி எழுதிக் கொடுத்தார்கள், அனுப்புகிறேன் என்றேன். வேலையில் மறந்துவிட்டேன். இத்தனை நாள் கழித்து அனுப்பினால் என்ன நினைப்பார்கள்?

பதில்: இன்றைக்கே அனுப்புங்கள். அவர்கள் தபால் வருகிறதா என்று சில வாரம் பார்த்திருப்பார்கள், அப்புறம் விட்டிருப்பார்கள். தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதினால் போதும், காரணம் வேண்டாம். இரண்டு பிரதி போடுங்கள், ஒன்று அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிற அளவில், பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அச்சு எடுங்கள், படத்தின் மேல் உங்கள் பெயரைப் பொறிக்காதீர்கள். பின்பக்கத்தில் தேதியையும் விழாவின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை காய்வதற்குள் மேலே இருக்கிற பிரதியிலிருந்து கீழே இருக்கிற பிரதியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். வளையாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்புங்கள்.